சைக்கிளுக்கு அகல டயர் போடலாமா? ஆர்டர் போடும் முன் ஸ்கேலை எடுங்க!

“அண்ணே, இந்த டயரை மாட்டிக் கொடுங்கண்ணே. ரோடு ஒரே குண்டும் குழியுமா இருக்கு. டியூஷன் போய்ட்டு வர்றதுக்குள்ள கை ரெண்டும் விட்டுப்போகுது.”

“எங்க தம்பி வாங்கின?”

“ஆன்லைன்லதான். என் வீலும் 26, இதுவும் 26. பார்த்துத்தான்ணே வாங்கினேன்.”

கடைக்கார அண்ணன் பதில் சொல்லவில்லை. வீலிலிருந்து பழைய டயரைக் கழற்றித் தரையில் போட்டார். புது டயரை எடுத்து அதன் நடுவில் வைத்துக் காட்டினார். புது டயர் பார்க்கத் தடிமனாக, கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் உள்வட்டம், பழையதைவிடச் சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் சின்னது.

“இது உன் ரிம்முல ஏறாதுப்பா. கம்பியை வெச்சு நெம்பினாலும் ஏறாது.”

பையனின் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா, “நல்லவேளை, என் கியர் சைக்கிளுக்கு இன்னும் ஆர்டர் போடலை” என்றாள்.

இப்படி ஒரு காட்சியை எந்த ஊர் சைக்கிள் கடையிலும் பார்க்க முடியும். மோசமான ரோட்டில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு ‘கொஞ்சம் அகலமான டயர் போட்டால் நன்றாக இருக்குமே’ என்று தோன்றுவது இயல்புதான். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இருக்கிற வீலிலேயே அகல டயர் ஏறுமா என்பதை டயரின் விலையோ, விளம்பரப் படமோ சொல்லாது. உங்கள் சைக்கிள்தான் சொல்லும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஸ்கேலும் பத்து நிமிஷமும் போதும்.

26 என்றால் எல்லாம் 26 இல்லை!

அந்தப் பையன் ஓட்டுவது அம்மா வைத்திருந்த பழைய லேடீஸ் சைக்கிள். அதன் டயர் 26 × 1 3/8. அவன் வாங்கியது மவுன்டன் பைக் டயர், 26 × 2.125. இரண்டிலும் 26 என்று இருக்கிறது. ஆனால் அந்த 26 என்பது ரிம்மின் அளவு அல்ல. அந்தக் காலத்தில் காற்றடித்த டயரின் வெளிவட்டத்தைத் தோராயமாகச் சொல்ல வைத்த பெயர். டயர் தடிமனாக இருந்தால் அதே 26 அங்குலத்துக்குள் அடங்க ரிம் சின்னதாக இருக்க வேண்டும். அதனால்தான் ஒரே ‘26’ என்ற பெயரில் பல அளவு ரிம்கள் வந்துவிட்டன.

இந்தக் குழப்பத்துக்கு விடை டயரின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். 37-590, 54-559, 35-622 என்று நடுவில் கோடு போட்ட இரண்டு எண்களைத் தேடுங்கள். முதல் எண், டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது எண், டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். அதுவும் மில்லிமீட்டரில்தான்.

நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் சைக்கிள்களின் இரண்டாவது எண்கள் இவை:

- மவுன்டன் பைக் 26 (1.95, 2.125 போன்றவை): 559
- மவுன்டன் பைக் 27.5: 584
- லேடீஸ் சைக்கிள் 26 × 1 3/8: 590
- ஹைபிரிட், ரேஸ் சைக்கிள் 700சி மற்றும் மவுன்டன் பைக் 29: 622
- பெரிய பழைய சைக்கிள் 28 × 1½: 635

பையனின் ரிம் 590. வாங்கிய டயர் 559. 31 மில்லிமீட்டர் வித்தியாசம். டயரின் விளிம்புக்குள் இருக்கும் கம்பி ரப்பர்போல இழுத்தால் நீளாது. அதனால் எந்தக் கடையிலும் இதை மாட்ட முடியாது.

நினைவில் வைக்க ஒரே ஒரு விதி: முதல் எண் கூடலாம், குறையலாம். இரண்டாவது எண் ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது. அளவு பின்னத்தில் இருந்தால் பின்னம், தசமத்தில் இருந்தால் தசமம் என்பதையும் கவனியுங்கள். கணக்குப் பாடத்தில் 1¾-ம் 1.75-ம் ஒன்று. சைக்கிள் கடையில் அவை வேறு வேறு ரிம்முக்கானவை.

ஏறாத டயரைவிட எளிதாக ஏறும் டயர் ஆபத்து

சின்ன டயர் ஏறவே ஏறாது. பணமும் நேரமும்தான் வீண். பெரிய டயர் விஷயம் அப்படியில்லை. 635 அளவு டயரை 622 ரிம்மில் போட்டால் சிரமமே இல்லாமல் ஏறிவிடும். ‘அட, லிவரே வேண்டாமே’ என்று சந்தோஷமாகக்கூட இருக்கும். ஆனால் 13 மில்லிமீட்டர் தொளதொளப்பில் விளிம்புக்குப் பிடிப்பே இருக்காது. காற்றடிக்கும்போதோ, ஓடும்போதோ டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து டியூப் வெடிக்கும். முன் வீலில் இது நடந்தால் ஓட்டுகிறவர் கீழே விழுவது நிச்சயம். கையாலேயே ஏறிவிட்ட டயர் என்றால் எண்களை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

அகல டயரால் நிஜமாகவே பலன் உண்டா?

உண்டு. டயருக்குள் காற்றை அடைக்கும் யோசனை பிரபலமானதே அதிர்வைக் குறைக்கத்தான். 1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி ரப்பர் டயரில் தடதடவென்று ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் காற்றடைத்த டயரைச் செய்தார். டயர் அகலமானால் உள்ளே காற்றின் அளவு கூடும். அதனால் குறைந்த அழுத்தத்தில் ஓட்டினாலும் ரிம் தரையில் இடிக்காது. பள்ளத்தின் அதிர்ச்சியைக் கைக்கும் முதுகுக்கும் வரவிடாமல் டயரே வாங்கிக்கொள்ளும். மணல் சிதறிய திருப்பத்தில் பிடிப்பும் கூடுதலாகக் கிடைக்கும்.

‘அகல டயர் போட்டால் மிதிக்கக் கஷ்டமாக இருக்குமே’ என்பது பலரின் சந்தேகம். அது பாதிதான் உண்மை. ஒரே மாதிரித் தயாரித்த இரண்டு டயர்களில் ஒரே அழுத்தத்தில் காற்றடித்தால், அகலமானதுதான் கொஞ்சம் லேசாக உருளும். ஒல்லி டயர் தரையில் நீளவாக்கில் நசுங்கும். அகல டயர் குறுக்கே பரவி, நீளவாக்கில் குறைவாக நசுங்கும். நசுங்கி விரிவதில் வீணாகும் சக்தியும் குறையும். சைக்கிள் பந்தய வீரர்களே முன்பு 23 மி.மீ. டயரில் ஓட்டியவர்கள், இப்போது 28 மி.மீ., அதற்கும் மேல் என்று மாறிவிட்டார்கள். கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போன பிரான்ஸின் பாரி - ரூபே பந்தயத்தில் இன்னும் அகலமாகப் போடுவார்கள்.

மிதிக்கச் சிரமம் தருவது பெரும்பாலும் அகலம் அல்ல, முட்டு முட்டாக இருக்கும் டயரின் மேல்பகுதி. தார் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் மேல்பகுதி வழவழப்பாக உள்ள அகல டயரைக் கேட்டு வாங்குங்கள். எடை மட்டும் கொஞ்சம் கூடும். சிக்னலில் நின்று கிளம்பும்போது அது தெரியும்.

எங்கெங்கே அளக்க வேண்டும்?

இப்போது அக்காவின் சைக்கிளுக்கு வருவோம். ஹைபிரிட் சைக்கிள், 700 × 35சி, அதாவது 35-622. அவளுக்கு ஆசை 40. இரண்டாவது எண் 622 என்று சரியாகப் பார்த்துவிட்டாள். அடுத்து, 40 மி.மீ. டயர் சுற்றுவதற்கு சைக்கிளில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டயரில் நன்றாகக் காற்றடித்துவிட்டு இந்த இடங்களை அளக்க வேண்டும்:

1. முன் ஃபோர்க்: டயருக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே எவ்வளவு இடம்? டயரின் உச்சிக்கும் மேலே ஃபோர்க் சேரும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு?

2. பின்பக்கக் குழாய்கள்: பெடல் அச்சிலிருந்து பின் வீலுக்குப் போகும் இரண்டு குழாய்களின் நடுவே, செயின் பக்கத்தில்தான் இடம் மிகக் குறைவாக இருக்கும். பெரும்பாலான சைக்கிள்களில் அகல டயர் முதலில் முட்டுவது இங்கேதான். பின் வீலை முன்னும் பின்னும் நகர்த்தி மாட்டும் அமைப்பு இருந்தால், வீல் முன்னால் வந்த நிலையில் அளக்க வேண்டும்.

3. மட்கார்டும் பிரேக்கும்: மட்கார்டின் உள்பக்கம், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை, மேலே வளைந்து வரும் பிரேக் என்றால் அதன் அடிப்பக்கம். இவற்றில் எது டயருக்கு மிக அருகில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

டயர் மாட்டிய பிறகும் எல்லாப் பக்கமும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். கடையில் இருக்கும் 6 எம்.எம். ஆலன் கீயை டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். உரசாமல் சுற்றி வந்தால் சரி.

கணக்கு எளிது. டயர் 5 மி.மீ. அகலமானால் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மி.மீ. இடம் குறையும். டயர் அகலமாகும்போது கிட்டத்தட்ட அதே அளவுக்கு உயரமும் ஆகும். ஆகவே மேலே 5 மி.மீ. குறையும். 35-லிருந்து 40-க்குப் போக, இப்போது பக்கவாட்டில் எட்டரை மி.மீ.யும் மேலே 11 மி.மீ.யும் இருக்க வேண்டும்.

அக்காவின் சைக்கிளில் முன்பக்கம் இரண்டு பக்கமும் 11, மட்கார்டுக்குக் கீழே 12. தாராளமாக 40 போடலாம். பின்பக்கம் மேலே இடம் இருக்கிறது. ஆனால் செயின் பக்கம் 8 மி.மீ.தான். அங்கே 40 போட்டால் ஐந்தரைதான் மிஞ்சும். 38 போட்டால் ஆறரை. ஆகவே முன்னால் 40, பின்னால் 38. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கைவலிக்காரர்களுக்கு முன் டயர் அகலமானாலே பாதி நிம்மதி.

‘உரசலியே, அது போதாதா?’

போதாது. ஸ்டாண்டு போட்டுச் சுற்றும்போது உரசாத டயர், ஆள் ஏறி மிதிக்கும்போது உரசலாம். வீல் கொஞ்சம் பெண்டு ஆனாலோ, ஒரு போக்ஸ் கம்பி அறுந்தாலோ 2, 3 மி.மீ. இடைவெளி ஒரு நொடியில் காணாமல் போய்விடும்.

மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். ஐப்பசி மழையில் மண் ரோட்டில் போனால் டயரில் சேறு அப்பும். கூடவே ஒரு சின்னக் கல் ஒட்டி வரும். டயருக்கும் முன் மட்கார்டுக்கும் நடுவே இடம் இல்லையென்றால் அந்தக் கல் உள்ளே சிக்கி, மட்கார்டைச் சுருட்டி இழுத்துவிடும். முன் வீல் பட்டென்று நிற்கும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்படுவார். டியூஷன் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், அந்த 6 மி.மீ. ஏன் என்பது புரியும்.

‘மட்கார்டைக் கழற்றிவிட்டால் இடம் கிடைக்குமே’ என்று சிலர் செய்வதுண்டு. இடம் கிடைக்கும்தான். கூடவே மழைநாளில் யூனிஃபார்ம் முதுகில் சேற்றுக்கோடும் கிடைக்கும். அதைவிட ஒரு அளவு குறைவான டயர் வாங்குவதே மேல்.

ரிம் தாங்குமா?

ஃபோர்க்கில் இடம் இருந்தாலும், டயருக்கு ஏற்ற அகலம் ரிம்முக்கும் வேண்டும். ஒல்லி ரிம்மில் மிக அகலமான டயரைப் போட்டால், சின்னக் காம்பில் பெரிய பூசணிக்காய் தொங்குவதுபோல ஆடும். திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் புரளும்.

ரிம்மின் வெளி அகலத்தை அளக்கக் கூடாது. டயரைக் கழற்றிவிட்டு, உள்ளே இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள அகலத்தை அளக்க வேண்டும். அச்சமில்லாமல் போடக்கூடிய அளவு தோராயமாக இப்படி:

- உள் அகலம் 15 மி.மீ. என்றால் டயர் 23 முதல் 32 வரை
- 17 மி.மீ. என்றால் 25 முதல் 37 வரை
- 19 மி.மீ. என்றால் 28 முதல் 44 வரை
- 21 மி.மீ. என்றால் 35 முதல் 50 வரை

இது கொஞ்சம் கறாரான கணக்கு. இதைத் தாண்டியும் அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளுக்குக் கறாராக இருப்பதே நல்லது. அக்காவின் ரிம் உள்ளே 19 மி.மீ. ஆகவே 38, 40 இரண்டுமே பொருந்தும்.

பழைய டியூபே போதுமா?

டியூப் டப்பாவில் 28/37-622 என்பதுபோல ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். புது டயர் அந்த வரம்புக்குள் இருந்தால் பழைய டியூபே போதும். வரம்பைத் தாண்டினால், டியூப் பலூன்போல இழுபட்டு மெலிந்துவிடும். ஏற்கெனவே நாலு பஞ்சர் ஒட்டிய டியூப் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

காற்றைக் குறைக்காவிட்டால் காசு வீண்

அகல டயர் மாட்டிய பலர் செய்யும் தவறு இது: பழைய டயருக்கு அடித்த அதே அழுத்தத்தைப் புதியதற்கும் அடிப்பது. அப்படிச் செய்தால் டயர் கல் மாதிரி இருக்கும். ‘இதுக்கா இவ்வளவு செலவு பண்ணினோம்’ என்று தோன்றும். ரிம்மின் சுவர்களுக்கும் கூடுதல் இழுவிசை. ஒரே அழுத்தத்தில் டயர் எவ்வளவு அகலமோ, அவ்வளவு பலமாக அது ரிம்மை வெளியே தள்ளும்.

35 மி.மீ. டயருக்கு 60 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டிருந்தவர், 38-க்கு 55, 40-க்கு 50 என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். பின் வீலில்தான் எடை அதிகம் இறங்கும். அதனால் அங்கே காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். டயரில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. குறைந்தபட்ச அளவு போட்டிருந்தால் அதற்குக் கீழேயும் போகக் கூடாது. காற்று ரொம்பக் குறைந்தால், பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும்.

பெட்ரோல் பங்க்கில் காற்றடிப்பவர்கள் கவனம். அங்கிருக்கும் கம்ப்ரஸர் பெரிய வண்டிகளுக்கானது. சைக்கிள் டயர் சில நொடிகளில் நிரம்பி வெடித்துவிடும். கைப்பம்புதான் பாதுகாப்பு.

மாட்டிய பிறகு

டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி, கையால் சரிசெய்து மறுபடி அடிக்க வேண்டும்.

பிறகு வீலைச் சுற்றிவிட்டு 6 எம்.எம். ஆலன் கீயால் எல்லா இடத்தையும் சோதியுங்கள். சில டயர்கள் எழுதியிருப்பதைவிட ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். அடுத்து பிரேக் கட்டை. அது ரிம்மில்தான் படவேண்டும், டயரில் படக் கூடாது. டயரில் உரசினால் சில நாட்களில் பக்கவாட்டை அறுத்துவிடும்.

சைக்கிளில் ஸ்பீடோமீட்டர் வைத்திருப்பவர்கள் வீல் அளவை மாற்றிப் போடுங்கள். 35-லிருந்து 40-க்குப் போனால் ஒரு சுற்றுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடும்.

தம்பிக்கு என்ன வழி?

அக்காவுக்கு வழி பிறந்துவிட்டது. தம்பியின் 590 ரிம்முக்கு நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது அதே 37 மி.மீ. டயர்தான்.

“அப்போ எனக்கு ஒண்ணும் பண்ண முடியாதாண்ணே?”

“யாருப்பா சொன்னது? மொதல்ல இந்தப் பழைய டயரைப் பாரு. மேல தேய்ஞ்சு, ஓரத்துல வெடிப்பு விட்டுப்போச்சு. காத்தையும் கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருக்க. கை வலிக்காம என்ன செய்யும்?”

அதே அளவில் புது டயர், பெண்டு எடுத்த வீல், அளவான காற்று. சீட்டில் உட்கார்ந்தால் பின் டயர் லேசாகப் பிதுங்க வேண்டும், தட்டையாகிவிடக் கூடாது. ஹேண்டில்பாருக்குப் புது கிரிப் இரண்டு. பல வீடுகளில் ‘அகல டயர் வேண்டும்’ என்று கேட்பவருக்கு நிஜமாகத் தேவைப்படுவது இவ்வளவுதான். இவ்வளவும் செய்த பிறகும் கை வலித்தால் அப்போது வேறு சைக்கிளைப் பற்றி யோசிக்கலாம்.

“அந்த டயரை என்னண்ணே செய்ய?”

“கவரைக் கிழிக்காம வெச்சிருந்தா திருப்பி அனுப்பிடு தம்பி. அடுத்த தடவ வாங்குறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு நம்பரை போன்ல போட்டோ எடுத்துட்டு வா.”

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள…

- பழைய டயரில் உள்ள இரண்டு எண்களைப் படமெடுங்கள். இரண்டாவது எண் அப்படியே இருக்க வேண்டும்.
- ஃபோர்க், பின்பக்கக் குழாய்கள், மட்கார்டு, பிரேக் என எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். மாட்டிய பிறகும் 6 மி.மீ. மிஞ்ச வேண்டும்.
- ரிம்மின் உள் அகலம் புது டயருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.
- முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் இருக்கலாம்.
- அகலம் கூடினால் காற்றைக் குறையுங்கள்.
- இடம் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். அதே அளவில் நல்ல டயரும் அளவான காற்றும் போதும்.